பெல்லட் கிரில்லுக்குப் பெல்லட்: பார்த்து வாங்கவும், ஈரம் படாமல் வைக்கவும்

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி; அதை எரித்துச் சமைக்கும் அடுப்பு பெல்லட் கிரில். அதை வாங்கியவர்கள் முதலில் கேட்பது "ஹிக்கரி மரம் நல்லதா, ஆப்பிள் மரம் நல்லதா?" என்பதுதான். கிரில்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது காய்ந்த, கெட்டியான, தூள் இல்லாத பெல்லட். இந்த மூன்றும் அமைந்தால் எந்த மரமும் ஒழுங்காக எரியும். ஒன்று தவறினாலும், பன்னிரண்டு மணி நேரம் வேகவேண்டிய இறைச்சி ஐந்தாம் மணி நேரத்தில் அணைந்த அடுப்பில் கிடக்கும்.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் ஹாப்பர் என்ற தொட்டி. அதன் அடியில் ஆகர் என்ற திருகுத்தண்டு, ஒரு குழாய்க்குள் மெல்லச் சுழன்று பெல்லட்டைத் தீக்கிண்ணத்தில் கொண்டுபோய் விழவைக்கும். அங்கே பழுக்கக் காயும் ஒரு கம்பி முதலில் தீ மூட்டும். பிறகு விசிறி காற்று கொடுத்து எரியவிடும். ஆரெகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் ஊரில் ஜோ ட்ரேகர் 1980களில் உருவாக்கி, 1986இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. காப்புரிமை 2006இல் முடிந்தபின் பல நிறுவனங்கள் இறங்கின. ஆகவே உங்கள் கிரில் எந்தப் பெயரில் இருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

கவனிக்கவேண்டியது இது: ஆகர் எடை போடுவதில்லை, படியால் அளப்பதுபோல அளக்கிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை இடத்தில் எத்தனை பெல்லட் அடங்குமோ அத்தனைதான் உள்ளே போகும். நீளக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் இடையில் வெற்றிடம் விழும். குட்டையானவை நெருங்கி அடங்கும். பிராண்டு மாற்றியதும் வெப்பம் 20, 30 டிகிரி பாரன்ஹீட் ஆடுவதற்குப் பல நேரம் இதுவே காரணம். கிரில்லில் கோளாறு என்று நினைத்துப் பிரிக்கவேண்டாம். அரை மணி நேரம் விடுங்கள், கட்டுப்பாட்டுக் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

பெல்லட்டை ஒட்டவைப்பது எது

மரத்தூளைக் காயவைத்து, அரைத்து, துளையிட்ட இரும்பு அச்சு வழியாகப் பெரும் அழுத்தத்தில் தள்ளுகிறார்கள். அந்த உராய்வுச் சூட்டில் மரத்திலேயே இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது இறுகித் தூளைக் கட்டிப்போடுகிறது. பசை எதுவும் கிடையாது. வெளியே தெரியும் மினுமினுப்பு அந்த லிக்னின் பூச்சுதான். தண்ணீர் பட்டால் கட்டு விடுபட்டு மறுபடி மரத்தூள். பெல்லட்டின் ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். நல்லவற்றில் 5 முதல் 8 வரை இருக்கும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு கரண்டி பெல்லட் போடுங்கள். முதலில் நிறம் கறுக்கும், பிறகு விரிசல் விட்டு, ஊறிய அவல்போல உப்பி, சில நிமிடங்களில் கோப்பை முழுக்கக் கூழாகிவிடும். கரைவது நல்ல அறிகுறி. இரவு முழுக்கக் கிடந்தும் முழுசாக நின்றால் அதில் வேறு ஏதோ ஒட்டுப்பொருள் இருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால், மணத்துக்கோ அச்சில் வழுக்கலுக்கோ எண்ணெய் சேர்த்திருக்கிறார்கள். கோப்பையைக் கொட்டுமுன் உப்பிய அளவை ஒருமுறை பாருங்கள். ஆகர் குழாய்க்குள் ஈரம் போனால் இதே உப்பல் அங்கே நடக்கும், விரிய இடமே இல்லாமல்.

கடையில் பார்க்கவேண்டியவை

பைகள் பெரும்பாலும் 20 பவுண்டு அல்லது 40 பவுண்டு. அதாவது சுமார் 9 கிலோ, 18 கிலோ. கடை வாசலில் மழைச்சாரல் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் எடுக்காதீர்கள். பல பைகளில் காற்றுப்போக ஊசித்துளைகள் உண்டு, ஆகவே பிளாஸ்டிக் பைதானே என்று நம்பமுடியாது. பையின் மேல் கையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பெல்லட் மூட்டையரிசிபோல நழுவி ஓடவேண்டும். ஒரு மூலை மட்டும் மாவுபோல மெத்தென்றோ கட்டியாகவோ இருந்தால் வேறு பை. கீழ்மூலையில் தேங்கியிருக்கும் தூளையும் பாருங்கள். ஏற்றி இறக்கும்போது கொஞ்சம் தூள் சேரத்தான் செய்யும். 20 பவுண்டுப் பையில் ஒரு கோப்பைக்கு மேல் தூள் இருந்தால் அது மட்டமாக அழுத்தியது, அல்லது பழையது.

வீட்டுக்கு வந்து பையைத் திறந்ததும் ஒரு பிடி எடுங்கள். சுமார் 6 மில்லிமீட்டர் பருமன், ஒரு அங்குலத்துக்குள் நீளம், பளபளப்பு. ஒன்றை ஒடித்தால் சாக்பீஸ் ஒடிவதுபோல டக்கென்று ஒடியவேண்டும். வளைந்தாலோ விரலிடுக்கில் நசுங்கினாலோ ஈரம் ஏறிவிட்டது. மங்கலாக, சொரசொரப்பாக இருந்தாலும் அப்படியே. நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஒரே மரம்கூட ஒவ்வொரு முறை ஒவ்வொரு நிறத்தில் வரும்.

பையின் எழுத்துகளையும் பொறுமையாகப் படியுங்கள். "100 சதவீதம் ஹிக்கரி" என்பது வேறு, வெறும் "ஹிக்கரி" என்பது வேறு. பின்னதில் பெரும்பங்கு அடிமரமாகவும் (கலவைக்கு அடிப்படையாகச் சேர்க்கும் வேறு மரம்) கொஞ்சம் ஹிக்கரியாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் அடிமரமாக ஆல்டர் வரும், கிழக்கிலும் தெற்கிலும் ஓக். கலப்பு என்பதாலேயே மட்டம் என்றில்லை. ஓக் நிதானமாக, நல்ல சூட்டோடு எரியும், சாம்பலும் குறைவு. மேப்பிள், ஹிக்கரி, செர்ரி மூன்றும் சேர்ந்த கலவை எதற்கும் ஒத்துப்போகும். முதல் பையாக அதையே வாங்கச் சொல்வோம். எண்ணெயில் மணம் ஏற்றியதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாசனை பையில்தான் தூக்கலாக இருக்கும், சாப்பாட்டில் வராது.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கான பெல்லட்டையும், குதிரை லாயத்தில் விரிக்கும் பெல்லட்டையும் கிரில்லில் போடாதீர்கள். பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும், விலையும் பாதிதான். ஆனால் அவற்றில் பைன் போன்ற பிசின் மரங்கள் இருக்கலாம்; என்ன மரக்கழிவு கலந்தது என்று உணவுக்கான கண்காணிப்பும் இல்லை. வீட்டு அடுப்பில் புகை புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும், கிரில்லில் அது நேரே இறைச்சியில் படியும். தமிழ்நாட்டில் கொதிகலன்களுக்கு விற்கும் பெல்லட்டுக்கும் இதே பேச்சு. அதில் கடலைத்தோல் முதலிய வேளாண் கழிவுகளும் கலப்பதுண்டு.

எந்த மரம், எதற்கு

பெல்லட் கிரில்லில் விசிறி இருப்பதால் தீ சுத்தமாக எரிகிறது, புகை குறைவு. 180 முதல் 225 பாரன்ஹீட்டில் புகைமணம் ஏறும். 300 தாண்டினால் மிகக் கொஞ்சம். ஆகவே 400 டிகிரியில் தந்தூரிக் கோழி சுடும்போது விலையுயர்ந்த செர்ரி வீண். அதற்கு ஓக் போதும்.

மெதுவாக வேகும் மாட்டிறைச்சிக்கும் ஆட்டுத்தொடைக்கும் ஓக், ஹிக்கரி. கோழி, பன்றிக்கு ஆப்பிள், செர்ரி, பீக்கன். மசாலா தூக்கலாகப் பூசிய இறைச்சியில் ஆப்பிளுக்கும் செர்ரிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், ஹிக்கரிதான் மசாலாவைத் தாண்டி வெளியே தெரியும். உப்பும் மிளகும் மட்டும் போட்ட மீனுக்கு ஆல்டர். அமெரிக்காவின் வடமேற்கில் சால்மனுக்குத் தலைமுறையாக அதைத்தான் எரிக்கிறார்கள்.

மெஸ்கீட் என்ற மரம் நமக்குப் புதிதல்ல. நம் ஊர்ச் சீமைக்கருவேலம் அதன் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுவது அந்த மரத்தில்தான். சூடு பலமாக இருக்கும், புகை காட்டமாக இருக்கும். அரை மணி நேரத்தில் வெந்துவிடும் துண்டுகளுக்கு அருமை. பத்து மணி நேரம் அதிலேயே போட்டால் கசப்புத் தட்டும்.

எவ்வளவு வாங்குவது

225 டிகிரியில் மணிக்குச் சுமார் 1 பவுண்டு, 400க்கு மேல் 2 முதல் 3 பவுண்டு. காற்றடித்தாலோ குளிராக இருந்தாலோ கூடும். டொராண்டோ ஜனவரியில் இரண்டு மடங்குகூட ஆகலாம். 12 பவுண்டு பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுப்பகுதி இறைச்சி) 14 மணி நேரம் என்று வைத்தால் 15 முதல் 20 பவுண்டு பெல்லட் கைவசம் வேண்டும். சிறிய ஹாப்பர்களில் 10 பவுண்டுதான் பிடிக்கும், அப்படியென்றால் இரவில் ஒருமுறை எழுந்து நிரப்பத்தான் வேண்டியிருக்கும். வாராவாரம் சமைப்பவருக்கு மாதம் 40 பவுண்டு போதும். தள்ளுபடி என்று பத்துப் பை வாங்குவது, காய்ந்த இடம் இருந்தால் மட்டும்.

வைக்கும் விதம்

5 கேலன் வாளி ஒன்றில் 20 பவுண்டுப் பை தாராளமாகப் பிடிக்கும். ரப்பர் வளையத்தோடு திருகி மூடும் மூடியைத் தனியாக வாங்கிப் போடுங்கள். சும்மா அமுக்கி மூடும் மூடி நாலு தடவையில் தளர்ந்துவிடும். வாளிமேல் மரத்தின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதி, பழையதை முதலில் எடுங்கள். ஈரம் அண்டாமல் இருந்தால் பெல்லட் ஆண்டுக்கணக்கில் கெடாது.

சிமென்ட் தரையில் நேராக வைக்காதீர்கள், தரை ஈரத்தை ஏற்றும். கீழே ஒரு பலகை போட்டு, சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி வையுங்கள். திறக்காத பைகளுக்கும் இதுவே, மேலே ஒரு தார்ப்பாய் கூடுதலாக. உறையும் கராஜிலிருந்து வாளியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் உடனே திறக்கக்கூடாது. குளிர்ந்த பெல்லட்டில் அறைக்காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். சில மணி நேரம் மூடியே இருக்கட்டும். மூடி இறுக்கமாக இருந்தால் சிலிக்கா ஜெல் பொட்டலம் தேவையில்லை. மூடி சரியில்லை என்றால் அந்தப் பொட்டலம் காப்பாற்றாது. டன் கணக்கில் அடைத்த அறையில் பெல்லட் கார்பன் மோனாக்சைடு வெளியிடும், ஆகவே மொத்தக் கிடங்குக்குக் காற்றோட்டம் கட்டாயம். நான்கைந்து வாளிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பலரும் கோட்டை விடுவது ஹாப்பரில். அது தொட்டி மட்டுமே, சேமிப்புப் பாத்திரமல்ல; மூடியில் காற்றுப்புகா வளையம் பெரும்பாலும் இருக்காது. ஹூஸ்டன், ஃப்ளோரிடா போன்ற புழுக்கமான இடங்களில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பெல்லட்டை அதில் விடாதீர்கள். காய்ந்த ஊர்களில் ஒரு வாரம். பின்பக்கக் கதவு இருந்தால் திறந்து வாளியில் வடியுங்கள், இல்லையென்றால் கரண்டியால் அள்ளிவிட்டு அடித்தூளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். நிரப்பும்போது 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் சலித்துப் போடுவது ஐந்து நிமிட வேலை, ஆகர் அடைப்பில் பெரும்பாதி அதிலேயே நின்றுவிடும். சலிக்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடைத்துக்கொண்டால்

ஹாப்பர் நிறைந்திருந்தும் தீ அணைந்தால் முதலில் மேலே எட்டிப் பாருங்கள். ஆகருக்கு நேர்மேலே கிணறுபோலக் குழி விழுந்து, ஓரங்களில் பெல்லட் அப்படியே நிற்கலாம். ஒரு மரக்கரண்டியால் கிளறிவிட்டால் சரி. கையை மட்டும் விடாதீர்கள்.

அணைந்த கிரில்லை உடனே மறுபடி மூட்டுவது ஆபத்து. தீ இல்லாதபோதும் ஆகர் தள்ளிக்கொண்டே இருந்திருக்கும். தீக்கிண்ணம் நிரம்பிக் கிடக்கும். அத்தனையும் ஒரே சமயத்தில் பற்றினால் மூடியைத் தூக்கும் அளவுக்குத் தீ எழும். ஆறவிட்டு, கிண்ணத்தைக் காலிசெய்த பிறகே மூட்டுங்கள்.

ஆகரே நின்றிருந்தால்:

1. மின்செருகியைக் கழற்றுங்கள். முழுக்க ஆறட்டும்.
2. ஹாப்பரைக் காலிசெய்து தூளை உறிஞ்சுங்கள். கம்பித்தட்டு, கொழுப்புத்தட்டு, வெப்பத்தடுப்புத் தகடு எல்லாவற்றையும் எடுங்கள்.
3. செருகியைப் போட்டு, கையை விலக்கிவைத்து, மோட்டாரைக் கவனியுங்கள். மோட்டார் சுழன்று ஆகர் சுழலவில்லை என்றால் இரண்டையும் இணைக்கும் சிறு ஊசி உடைந்திருக்கிறது. மோட்டார் முனகி நின்றால் அடைப்பு.
4. செருகியைத் திரும்பக் கழற்றி, இணைப்பூசியையும் ஆகரைப் பிடித்திருக்கும் திருகாணியையும் எடுங்கள். இறுக்கிப்பிடிக்கும் குறடால் ஆகரை முன்னும்பின்னும் மெல்லத் திருப்பித் தளர்த்தி, வெளியே இழுங்கள்.
5. குழாயில் இறுகியதை நீளத் திருப்புளியால் சுரண்டுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. காய்ந்தபின் சிமென்ட்போல இறுகும்.
6. பூட்டியபின் காய்ந்த பெல்லட் போட்டு ஓடவிடுங்கள். கிண்ணத்தில் முதல் பெல்லட் விழச் சில நிமிடம் ஆகும்.

உடைந்த ஊசிக்குப் பதில் கெட்டியான போல்ட் போடாதீர்கள். அது உடைவதற்கென்றே மென்மையான உலோகத்தில் செய்தது. அது உடையாவிட்டால் மோட்டாரின் பல்சக்கரம் போகும்.

ஊறிப்போன பையை வெயிலில் காயவைத்தால் பெல்லட் திரும்பி வராது, லிக்னின் கட்டு ஒருமுறை விட்டது விட்டதுதான். எண்ணெய் சேராத மரம் என்றால் தோட்டத்து நடைபாதையில் தூவிவிடலாம். செடிகளின் வேரடியில் கொத்திக் கலக்கவேண்டாம், மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.