சுற்றுச்சூழல் அறிவியல் வார்த்தைகளைப் போட்டுக் குழப்பிக்காம படிக்கிறது எப்படி

எக்ஸாம் நெருங்கினதும் நிறைய பேர் புக்கோட கடைசில இருக்குற சொல் பட்டியலை எடுத்து வச்சுக்கிட்டு முதல் எழுத்துல இருந்து வரிசையா உருப்போட ஆரம்பிச்சிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படிப் படிக்காதீங்க. இந்த சப்ஜெக்ட்ல எந்த வார்த்தையும் தனியா நிக்காது, ஒண்ணு நடந்தாதான் அடுத்தது நடக்கும், அது நடக்குற வரிசையிலயே படிச்சா ஏழெட்டு வார்த்தை ஒண்ணா கோர்த்துக்கிட்டு வந்துடும்.

ஒரு ஏரியை எடுத்துக்கோங்க. வயல்ல போட்ட உரம் மழைத்தண்ணியோட அடிச்சுக்கிட்டு வந்து ஏரியில சேருது, அதுல இருக்குற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு சத்து, அதனால பாசி கட்டுக்கடங்காம வளர்ந்து தண்ணிய பச்சையா மூடிடுது, இதுதான் ஆல்கல் ப்ளூம். இந்தப் பாசி செத்து அடியில போய்ப் படியும், பாக்டீரியா அதை சிதைக்கும், சிதைக்கிறப்போ தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்ஸிஜனை இழுத்துக்கும். அந்தக் கரைஞ்ச ஆக்ஸிஜனைத்தான் டிஓன்னு சொல்றோம். அது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழ போயிடுச்சுன்னா ஹைபாக்ஸியா, மீன் செத்து மிதக்குறது இந்தக் கட்டத்துலதான். சத்து மிதமிஞ்சிப் போய் நீர்நிலை இப்படிக் கெட்டுப்போற மொத்தக் கதைக்கும் பேரு யூட்ரோஃபிகேஷன். இந்தக் கதைய ஒரு தடவை அம்புக்குறி போட்டு வரைஞ்சு பாருங்க, அப்புறம் மறக்கவே மறக்காது.

இங்கயே பிஓடியையும், அதாவது தண்ணில இருக்குற கழிவை சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படுற ஆக்ஸிஜன் அளவையும், சேர்த்துப் பிடிச்சுக்கோங்க, ஏன்னா பசங்க அதிகமா தடுமாறுறது இதுலதான். சோதனை எப்படிப் பண்றாங்கன்னு தெரிஞ்சா குழப்பமே வராது. தண்ணிய ஒரு பாட்டில்ல காத்துக்குமிழி ஒண்ணுகூட இல்லாம நிரப்பி மூடணும், நிரப்பினதும் டிஓ எவ்வளவுன்னு பார்த்து வச்சுக்கணும், அப்புறம் 20 டிகிரி செல்சியஸ்ல 5 நாள் இருட்டுல வைக்கணும். இருட்டு எதுக்குன்னா, வெளிச்சம் பட்டா உள்ள இருக்குற பாசி ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்ஸிஜனை விட்டு கணக்கைக் கெடுத்துடும். 5 நாள் கழிச்சு மறுபடி அளந்தா குறைஞ்சிருக்கும்ல, முதல்ல 8, இப்போ 3ன்னு வைங்க, அந்த வித்தியாசம், லிட்டருக்கு 5 மில்லிகிராம்தான் பிஓடி. அதாவது பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்பட்டுச்சுங்குற கணக்கு, அதனாலதான் டிஓ அதிகமா இருந்தா நல்லது, பிஓடி அதிகமா இருந்தா தண்ணி மோசம். சாக்கடைத் தண்ணின்னா ஆக்ஸிஜன் நடுவுலயே தீர்ந்துடும்ங்குறதால நல்ல தண்ணி கலந்து வச்சுட்டு, கலந்த அளவை வச்சு கணக்குப் போடுவாங்க. சிஓடிங்குறது பாக்டீரியாவை நம்பாம டைக்ரோமேட், ஆசிட் போட்டு சூடாக்கி சில மணி நேரத்துல முடிக்கிறது, பாக்டீரியாவால சிதைக்க முடியாததையும் அது ஆக்ஸிஜனேற்றம் பண்றதால சிஓடி பொதுவா பிஓடியை விட அதிகமா இருக்கும்.

அடுத்து, ஒண்ணு மாதிரியே தோணுற வார்த்தைகளை ஜோடி ஜோடியா படிங்க. வானிலைன்னா இன்னைக்கு, நாளைக்கு எப்படி இருக்கும்ங்குறது, காலநிலைன்னா வழக்கமா 30 வருஷ சராசரி. மிட்டிகேஷன்னா வெப்பத்தை ஏத்துற வாயுவைக் குறைக்கிறது, அடாப்டேஷன்னா வந்துட்ட மாற்றத்துக்கு ஏத்த மாதிரி நம்மள மாத்திக்கிறது, வெள்ளத்துக்குக் கரை கட்டுறது இந்த ரெண்டாவது வகை. பயோ அக்யுமுலேஷன் ஒரே உயிரோட உடம்புக்குள்ள நஞ்சு சேர்றது, பயோ மேக்னிஃபிகேஷன் உணவுச்சங்கிலியில மேல போகப் போக அந்த நஞ்சோட செறிவு கூடுறது. டிடிடிங்குற பூச்சிக்கொல்லி கொழுப்புல கரையும், சீக்கிரம் சிதையாது, அதனாலதான் மீன் தின்னுற பெரிய பறவைங்க உடம்புல அது அவ்வளவு சேர்ந்துச்சு. அப்புறம் ஓசோன் ஓட்டையையும் புவி வெப்பமாதலையும் ஒண்ணுன்னு எழுதுறது ரொம்ப சகஜமா நடக்குற தப்பு. ஓசோன் ஓட்டைக்கு முக்கியக் காரணம் பழைய ஃப்ரிட்ஜ், ஏசில இருந்த சிஎஃப்சிங்குற வாயு, அதுக்காகத்தான் 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு. வெப்பமாதலுக்கு முக்கியக் காரணம் கார்பன் டை ஆக்சைடு, 1997 கியோட்டோவும் 2015 பாரிஸும் அதோட சேர்த்து மத்த பசுமைக்குடில் வாயுக்களையும் குறைக்கிறதுக்காக வந்தது.

அளவு சம்பந்தப்பட்ட வார்த்தைய அலகு இல்லாம படிக்கவே படிக்காதீங்க. பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒண்ணு. காத்துல கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன்னாடி சுமார் 280 பிபிஎம், இப்போ 420ஐத் தாண்டிடுச்சு. பிஎம் 2.5ன்னா 2.5 மைக்ரோமீட்டரும் அதுக்குக் கீழயும் இருக்குற துகள், நம்ம முடியோட தடிமன்ல சுமார் முப்பதுல ஒரு பங்கு, அதனாலதான் அது நுரையீரலோட கடைசி வரைக்கும் போகுது. பிஹெச் ஒரு எண் குறைஞ்சா அமிலத்தன்மை 10 மடங்கு கூடுது, மழைத்தண்ணி இயல்பாவே சுமார் 5.6 இருக்கும், அதுக்கும் கீழ போனாதான் அமில மழை. கிலோவாட் திறன், கிலோவாட் அவர் ஆற்றல், ரெண்டையும் மாத்தி எழுதினா சோலார் கணக்கு முழுசா போச்சு.

டெக்னாலஜி வார்த்தைகளுக்கு மூணு கேள்வி போதும்: உள்ள என்ன போகுது, வெளிய என்ன வருது, பிடிச்ச அழுக்கு எங்க போகுது. மூணாவதைத்தான் யாரும் கேக்குறதில்ல, எனக்கு அதுதான் முக்கியம்னு தோணுது. அனல்மின் நிலையத்துல புகையைக் கழுவிச் சுத்தம் பண்ற ஸ்க்ரப்பரைப் பாருங்க, கந்தக டை ஆக்சைடு கலந்த புகை உள்ள போகுது, சுண்ணாம்புக் கரைசலைத் தெளிக்கிறாங்க, கந்தகம் கடைசில ஜிப்சமா மாறுது, அது கட்டுமானப் பலகை செய்யப் போகுது. மின்னியல் வீழ்படிவாக்கில தூசுக்கு மின்னூட்டம் கொடுத்து தகட்டுல ஒட்ட வைக்கிறாங்க, தட்டினா சாம்பலா கீழ விழும். கழிவுநீர் சுத்திகரிப்புலயும் தண்ணி தெளிஞ்சு வெளிய வரும், ஆனா சேறு மிஞ்சும், அந்தச் சேத்துக்குத்தான் ஸ்லட்ஜ்னு பேரு.

ஒரு தொடரைப் படிச்சு முடிச்சதும் நோட்டை மூடிட்டு வெறும் தாள்ல அதே அம்புக்குறிப் படத்தைத் திரும்ப வரைங்க, இந்தத் தடவை கடைசில இருந்து முன்னாடி வாங்க, மீன் ஏன் செத்துச்சு, ஆக்ஸிஜன் ஏன் குறைஞ்சதுன்னு. எங்க பேனா நிக்குதோ அந்த ஒரு வார்த்தைய மட்டும் திரும்பப் படிச்சா போதும். ரெண்டு மூணு நாள் விட்டு இன்னொரு தடவை வரைங்க, அதுல தடங்கல் இல்லன்னா அடுத்து கார்பன் சுழற்சிக்குப் போங்க, அதுக்கப்புறம் நைட்ரஜன் சுழற்சி.