மாடல் ரயிலுக்கு ஒரு அனல்மின் நிலையம்: பெரிய கட்டடத்தைச் சின்ன அறைக்குள் அடக்குவது எப்படி?

பலகையில் நாம் அமைக்கும் மாடல் ரயில் லேஅவுட்டில் ஸ்டேஷன் இருக்கும், சிக்னல் கேபின் இருக்கும், லெவல் கிராசிங்கும் நாலு வீடும் இருக்கும். தொழிற்சாலை என்று வரும்போது மட்டும் கையளவு ஷெட் ஒன்றை வைத்துவிட்டு, அதன் முன்னால் பத்து வேகனை நிறுத்திவிடுகிறோம். அந்தப் பத்து வேகனில் ஒன்றின் சரக்கைக் கொட்டினாலே ஷெட் நிரம்பிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்கு ஏதோ உறுத்தும். வேகன்களைவிடக் கட்டடம் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் சரக்கு ரயில் ஓடுவதற்கே ஒரு அர்த்தம் வருகிறது.

இதற்கு நிலக்கரி அனல்மின் நிலையத்தைவிடப் பொருத்தமான ஒன்று நம் நாட்டு ரயிலுக்கு இல்லை என்பது என் கருத்து. எல்லா அனல்மின் நிலையத்துக்கும் ரயிலில் கரி வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து கன்வேயரிலேயே போய்விடும், தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கிக் கன்வேயரில் ஏறிவிடும். மேட்டூர் உள்நாட்டில் இருப்பதால் அங்கே ரேக் ரேக்காக, அதாவது முழு வேகன் தொடர்களாக, ரயிலில்தான் வருகிறது. தெலங்கானாவின் ராமகுண்டம், மேற்கு வங்கத்தின் பரக்கா மாதிரி இடங்களில் சுரங்கத்துக்கும் மின் நிலையத்துக்கும் நடுவே மெர்ரி-கோ-ரவுண்ட் என்கிற தனிப்பாதையே உண்டு. கரியைக் கொட்டிவிட்டு இன்ஜினைக் கழற்றாமல் அப்படியே வளையமாகச் சுற்றித் திரும்பிப் போகும் பாதை அது. நம் வீட்டு லேஅவுட்டில் ரயில் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது என்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது!

சரி, கணக்குக்கு வருவோம். எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். கரி ஏற்றும், மேல்பக்கம் திறந்த பாக்ஸ்-என் வேகன் ஒன்றின் நீளம் 10.7 மீட்டர், மாடலில் 12.3 செ.மீ. ஒரு முழு ரேக்கில் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வேகன் வரும் என்பதால் இன்ஜினைச் சேர்க்காமலே ஏழு மீட்டரைத் தாண்டும். 500 மெகாவாட் அலகுகளுக்கு நம் நாட்டில் நெடுங்காலம் விதித்திருந்த புகைபோக்கி உயரம் 275 மீட்டர், மாடலில் 3.16 மீட்டர். 210 மெகாவாட் அலகுக்கு 220 மீட்டர், அதுவே 2.5 மீட்டர் ஆகிறது. பாய்லர் கட்டடம் 60 மீட்டருக்கு மேல், அதாவது 70 செ.மீ. இப்படியே அளவெடுத்துக் கட்டினால் கூரையைப் பிரிக்க வேண்டியதுதான்.

ஆகவே சுருக்கித்தான் ஆக வேண்டும். எதைச் சுருக்குவது, எதைத் தொடவே கூடாது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ரயில் தொடும் இடம், மனிதன் தொடும் பொருள் இரண்டையும் சுருக்காதீர்கள். வேகன் நுழையும் வாசல், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேடை எல்லாம் சரியான அளவில் இருக்க வேண்டும். 2.1 மீட்டர் கதவு என்றால் 24 மி.மீ., ஒரு மீட்டர் கைப்பிடிக் கம்பி என்றால் பதினொன்றரை மி.மீ., ஏணிப்படிக்கும் இதே கணக்குதான். கட்டடத்தின் அளவைக் கண் மதிப்பிடுவது இவற்றை வைத்துத்தான். பாய்லர், புகைபோக்கி மாதிரி உயரமானவற்றைச் சுருக்காமல் முடியாது; மீதி எல்லாவற்றிலும் எண்ணிக்கையைக் குறையுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். டர்பைன் கூடத்தில் நிஜத்தில் பன்னிரண்டு தூண் இடைவெளி இருந்தால் ஐந்து போதும், ஆனால் அந்த ஒவ்வொரு இடைவெளியும் உண்மையான அகலத்தில், சுமார் பத்து செ.மீ.யில் இருக்கட்டும். பன்னிரண்டையும் ஒடுக்கித் திணித்தால் பொம்மைக் கட்டடமாகிவிடும்.

கட்டடங்களின் வரிசையையும் மாற்றாதீர்கள். டர்பைன் கூடம், அதை ஒட்டிக் கரியைச் சேர்த்து வைக்கும் பங்கர்கள் இருக்கும் பகுதி, அப்புறம் பாய்லர், அதற்குப் பின்னால் சாம்பல் பிடிக்கும் பெரிய பெட்டிகளான இஎஸ்பி, கடைசியாகப் புகைபோக்கி. மின் நிலையத்தில் வேலை பார்த்தவர் யாராவது வந்து பார்த்தால் முதலில் இந்த வரிசையைத்தான் கவனிப்பார். கூலிங் டவர் பற்றிப் பலரும் ஆசைப்படுவார்கள், நான் வேண்டாம் என்பேன். ராஜஸ்தானின் காளிசிந்த் நிலையத்தில் 202 மீட்டர் உயர டவர்கள் இருக்கின்றன. மாடலில் அது 2.3 மீட்டர் உயரம், அடிப்பாகம் ஒரு கட்டிலையே விழுங்கிவிடும். ஆசை விடாதென்றால் பின்சுவரில் வரைந்துகொள்ளுங்கள்.

இடத்தை உண்மையில் தின்பது கன்வேயர். ரப்பர் பெல்ட்டில் கரி உருளாமல் ஏற வேண்டும் என்றால் சரிவு 16 டிகிரியை ஒட்டித்தான் இருக்க முடியும். இந்தக் கோணத்தைச் சுருக்கவே முடியாது, ஏணி மாதிரி செங்குத்தாக வைத்தால் மொத்தமும் பொய்யாகிவிடும். 30 செ.மீ. உயரம் ஏற 105 செ.மீ. நீளம் வேண்டும். அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? நிஜத்தில் செய்வதையே செய்யுங்கள்: நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபர் டவர் வைத்துப் பாதையை 90 டிகிரி திருப்பிவிடுங்கள். ஒரு பெல்ட் டவரின் மேல் போய்க் கொட்டும், கீழே இன்னொரு பெல்ட் வேறு திசையில் கிளம்பும். கொட்டும்போது கொஞ்சம் உயரம் இழக்கும் என்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, வேகனைப் புரட்டிக் கரியைக் கொட்டும் இயந்திரமான டிப்ளருக்கு அடியில் கரி விழும் குழி ஆழமானது, அங்கிருந்து பெல்ட் சுரங்கம் வழியாக வந்துதான் வெளியே தலைகாட்டும். ஆகவே டிப்ளர் கூடத்தின் சுவரிலிருந்தே கன்வேயரைக் கிளப்பாமல், சற்றுத் தள்ளி ஒரு கான்கிரீட் வாய் வைத்து அங்கிருந்து ஏற்றுங்கள். இந்த ஒரு விஷயம் மாடலை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

இனி வேலை. முதலில் பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டிச் செலோடேப் போட்டு முழு நிலையத்தையும் ஒட்டி, லேஅவுட்டில் வைத்துவிட்டுச் சில நாள் அப்படியே விடுங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து போட்டோ எடுங்கள். போட்டோவில்தான் உயரம் போதவில்லை, இரண்டு கட்டடம் ஒரே உயரத்தில் நிற்கிறது என்பதெல்லாம் தெரியவரும். என் அனுபவத்தில் பாய்லர் 48 செ.மீ., பங்கர் பகுதி 36, டர்பைன் கூடம் 26, புகைபோக்கி 110 செ.மீ. என்கிற விகிதம் சாதாரண அறைக்கு நன்றாக அமைகிறது. புகைபோக்கி பாய்லரைப் போல இரண்டு மடங்குக்குக் குறையவே கூடாது. லேஅவுட் பலகையை இடுப்புக்கு மேல், 120 செ.மீ. அளவில் அமைத்தால் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிற உணர்வு தானாக வரும்.

அட்டை மாடல் இருக்கும்போதே ரயிலை ஓட்டிப் பாருங்கள். அகலப்பாதை வண்டியின் அதிகபட்ச அகலம் 3.25 மீட்டர், உயரம் 4.27 மீட்டர் என்றால் மாடலில் 37 மி.மீ., 49 மி.மீ. வாசலை 58 மி.மீ. அகலம், 65 மி.மீ. உயரம் வைத்தால் நேர்ப்பாதையில் போதும். வளைவில் இது செல்லாது, நீளமான இன்ஜினின் மூலை வெளியே வீசும். உங்களிடம் உள்ள மிக நீளமான இன்ஜினின் மூலையில் பென்சிலை டேப் போட்டு ஒட்டி, கையால் தள்ளிக்கொண்டே வந்தால் பலகையில் கோடு விழும், அந்தக் கோட்டிலிருந்து ஒரு விரல் தள்ளிச் சுவர் வையுங்கள். டிப்ளருக்குள் மேல்மின்கம்பி வராது, அந்தத் தடத்தைக் கம்பி இல்லாமலே விடலாம்.

சுவருக்கு விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. சன்போர்டுதான் என் தேர்வு. எடை குறைவு, கத்திக்குப் படியும், நம் ஊர் ஈரத்துக்கு ஊதாது. காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு மழைக்காலத்தில் வளையும், இவ்வளவு பெரிய சுவருக்கு அது வேண்டாம். சன்போர்டின் மேல் நெளிவு போட்ட ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டைத் தோலாக ஒட்டுங்கள். எவர்கிரீன் நிறுவனத்தின் ஷீட்டுகள் அருமையானவை, கிடைக்காதவர்கள் அரை மி.மீ. ஷீட்டில் மழுங்கிய ஊசியால் இரண்டரை மி.மீ.க்கு ஒரு கோடு இழுத்தாலே தகரச் சுவர் வந்துவிடும். சலிப்பான வேலைதான், ஆனால் பலன் உண்டு. ஃபெவிகால் சன்போர்டில் பிடிக்காது, ஃபெவிக்விக் வகைப் பசை பிடிக்கும். தெர்மோகோல் எங்காவது பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஸ்ப்ரே பெயின்ட்டோ கரைப்பான் பசையோ கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும். ஸ்டைரீன் ஒட்டும் கரைப்பானை ஜன்னல் திறந்த அறையில் மட்டும் கையாளுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஷீட் ஒட்டினால் சுவர் வளையும், உள்பக்கம் 15 செ.மீ.க்கு ஒரு குறுக்குப் பட்டை கொடுத்துவிட வேண்டும். எந்தத் துண்டும் 60 செ.மீ.க்கு மேல் நீளாமல் பார்த்துக்கொண்டால் ஒரு கையால் தூக்க முடியும். உள்ளே வேகன் தடம் புரண்டால் கூரையையோ சுவரையோ கழற்றித்தானே ஆக வேண்டும்? காந்தம் வைத்து நிறுத்துங்கள்.

பாய்லரில் நேரம் செலவிடுங்கள். நிஜப் பாய்லர் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை, இரும்புச் சட்டத்தின் உச்சியிலிருந்து தொங்குகிறது. சூடானதும் கீழ்நோக்கி விரிய இடம் வேண்டுமே, அதற்காக. ஆகவே நாலு பக்கமும் மூடிய பெட்டியாகச் செய்யாமல் கீழ் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தே விடுங்கள், தடித்த தூண்கள், குறுக்கு வலிவுகள், புனல் வடிவ அடிப்பகுதி எல்லாம் தெரியட்டும். பெரிய காற்றுக் குழாய்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்தின் 16 மி.மீ. குழாய் அளவெடுத்தது போல் பொருந்துகிறது, நிஜ அளவில் அது 1.4 மீட்டர் குழாய். சின்னக் குழாய்களுக்கு அதே கடையின் 4 மி.மீ. டியூப். தூண்களும் ஏணிகளும் பிளாஸ்ட்ரக்ட் நிறுவனத்தில் ரெடியாகக் கிடைக்கும், 3டி பிரின்ட்டர் வைத்திருக்கிற நண்பர் இருந்தால் இன்னும் மலிவு. இஎஸ்பி-க்கு அடியில் தலைகீழ்ப் பிரமிடாக வரிசையாகத் தொங்கும் சாம்பல் ஹாப்பர்களை மறக்காதீர்கள், ஒன்றைச் செய்து அச்செடுத்தால் மற்றவை எளிது.

புகைபோக்கிக்கு வெறும் பிவிசி பைப்பை நிறுத்துவது பலரும் செய்வது. நிஜப் புகைபோக்கி மேலே போகப் போகக் குறுகும், பைப் அப்படிக் குறுகாது. 50 மி.மீ. பைப்பை நடுத்தண்டாக வைத்து, அடியில் 11 செ.மீ., உச்சியில் 6 செ.மீ. என்று குறைந்துகொண்டே போகும் சன்போர்டு வட்டங்களை 15 செ.மீ.க்கு ஒன்றாகக் கோர்த்து, மேலே கெட்டியான சார்ட் அட்டையை இரண்டு சுற்று சுற்றுங்கள். மூன்று துண்டாகத்தான் சுற்ற வரும். இணைப்பு வரும் இடத்தில் ஒரு நடைமேடை வளையத்தையோ சிவப்பு வெள்ளைப் பட்டையின் எல்லையையோ வைத்தால் தெரியாது. கழற்றி மாட்டும்படி பலகைக்கு அடியிலிருந்து போல்ட் போடுங்கள். இடமே இல்லையென்றால் அரைவட்டமாகச் செய்து பின்சுவரில் ஒட்டிவிடலாம். பாய்லரைக்கூட 12 செ.மீ. ஆழத்தில் சுவரோடு ஒட்டிய முகப்பாகச் செய்தால் நேரே பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இவ்வளவு பெரிய கட்டடம் இன்னொரு உதவியும் செய்கிறது: ரயிலை விழுங்கும். கரி நிரம்பிய வேகன்கள் உள்ளே போய், அதே வேகன்கள் கரியோடு திரும்பி வந்தால் எப்படி? பின்சுவரின் இந்தப் பக்கம் மின் நிலையம், அந்தப் பக்கம் சுரங்கம் என்று முதுகோடு முதுகாக வைத்து, இரண்டு தடங்களைச் சுவருக்குள் ஊடுருவ விடுங்கள். நிரம்பிய வேகன்களை மின் நிலையத்துக்குள் தள்ளினால் அவை அந்தப் பக்கம் சுரங்கத்திலிருந்து அப்போதுதான் கரி ஏற்றியவையாக வெளிவரும். காலி வேகன்களைச் சுரங்கத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் கொட்டி முடித்த காலிகளாக வரும். கரியைக் கையால் தொடவே வேண்டாம். பன்னிரண்டு வேகன் இருந்தாலே முழு ரேக் ஓடுவது போலத் தோன்றும், எப்போதும் பாதி ரயில் கட்டடத்துக்குள் இருப்பதால் மீதி எவ்வளவு நீளம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. டிப்ளரை மோட்டார் வைத்துச் சுழற்றலாம், ஆனால் நிஜத்தில் பாக்ஸ்-என் வேகனை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் புரட்டுவார்கள், மாடலில் அந்தக் கழற்றுதலை நம்பகமாகச் செய்வது பெரும்பாடு. வாசலில் தெரியும்படி ஒரு வேகனைப் பாதி சாய்த்து நிரந்தரமாக ஒட்டிவிட்டு, ஓடும் தடத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோவதே போதும். ஓடிக்கொண்டே அடிப்பக்கமாகக் கரியைக் கொட்டும் பாப்ரன் வேகன்கள் உங்களிடம் இருந்தால் டிப்ளரே வேண்டாம். நீண்ட தாழ்வான ஷெட், கீழே இரும்புக் கிராதி, அவ்வளவுதான்.

பெயின்ட்டில் ஒரே நிறத்தை மொத்தச் சுவருக்கும் அடிக்காதீர்கள். அடிப்படை நிறத்தில் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் பழுப்பு கலந்து தகடு தகடாக மாற்றி அடித்தால் பழைய தகரமும் மாற்றிய தகரமும் கலந்திருப்பதாகத் தெரியும். கான்கிரீட்டுக்குச் சாம்பல் நிறத்தோடு சிறிது மணல் நிறம். கரித்தூளை எல்லா இடத்திலும் பூசினால் அழுக்கு மாடலாகிவிடும். டிப்ளர் வாசலின் மேல்விளிம்பு, டிரான்ஸ்ஃபர் டவரின் ஜன்னல்கள், கன்வேயரின் அடிப்பாகம், அவற்றுக்குக் கீழே உள்ள தரை, இந்த இடங்களில் மட்டும் அடர்த்தியாக, மற்றதில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகளாக. தூசி அடங்க அங்கே தண்ணீர் தெளிப்பார்கள் என்பதால் டிப்ளரைச் சுற்றிய தரை ஈரக்கறுப்பாக இருக்கும், லேசாகப் பளபளப்பு வார்னிஷ் தடவுங்கள். கரிக்குவியலுக்கு நிஜ நிலக்கரியை இடித்துச் சலித்ததைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

விளக்குக்கு 12 வோல்ட் எல்இடி பட்டை. ஒட்டுவதற்கு முன் உள்சுவர் முழுக்கக் கறுப்பு அடித்துவிடுங்கள், இல்லையென்றால் சன்போர்டே ஒளிரும். கூடத்துக்குள் வெள்ளை, யார்டுக்கு மஞ்சள், புகைபோக்கியில் சிவப்பு. வயர்களை ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிப் பிளக் வைத்துப் பலகைக்கு அடியில் இறக்குங்கள். கடைசியாகச் சுவரின் அடியில் தெரியும் இடைவெளியைக் கரித்தூளும் புல்லும் போட்டு மறைக்கும்போது, பசையைத் தரைப்பக்கம் மட்டும் தடவுங்கள், சுவர் எப்போதும் கழன்று வர வேண்டும்.