அமெரிக்க கிராஃப்ட் பீரை ருசித்து, அதைப் பற்றி நாலு வரி உருப்படியாக எழுதுவது எப்படி?

கிராஃப்ட் பீரைப் பற்றி, அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத ஆலைகள் காய்ச்சும் பீரைப் பற்றி, எழுதத் தொடங்குபவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டின்னின் பின்பக்கம் "பைன், சிட்ரஸ்" என்று அச்சடித்திருக்கும். குடித்துவிட்டு அதையே எழுதிவிடுகிறார்கள். நம்மில் பலர் பைன் மரத்தை முகர்ந்ததே கிடையாது. ருசிக் குறிப்பு என்றால் உங்கள் மூக்குக்கும் நாக்குக்கும் என்ன கிடைத்ததோ அதைச் சொல்வது. நமக்குப் பழக்கமான வாசனைகளின் பெயரிலேயே அதைச் சொல்லலாம். அறுசுவைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற மொழியில் எழுதுகிறோம், வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

அமெரிக்காவில் வசிப்பவர்களையும் அங்கே போகிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். அங்கே மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும். ருசி பார்க்கிற அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

படி 1: நாலே நாலு பீர்

ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது பீரைப் பற்றி நாக்கு சொல்வதை நம்ப முடியாது. ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஊற்றினால் போதும். 355 மில்லி பாட்டிலை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம். கூட ஆள் இருந்தால் இன்னும் நல்லது, ஒருவருக்குத் தட்டுப்படாத வாசனை இன்னொருவருக்குத் தட்டுப்படும்.

தொடக்கத்துக்கு என் தேர்வு இது. முதலில் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டிலிருந்து வரும் அலகாஷ் ஒயிட். பெல்ஜிய பாணிக் கோதுமை பீர். இரண்டாவது, கலிஃபோர்னியாவின் சிக்கோ ஊரில் பிறந்த சியரா நெவாடா பேல் ஏல். மூன்றாவது, ஆரெகனிலிருந்து டெஷூட்ஸ் நிறுவனத்தின் பிளாக் பியூட் போர்ட்டர், இது கறுப்பு பீர். கடைசியாக, உங்கள் ஊர் ப்ரூவரி (பீர் ஆலை) ஒன்றில் அந்த வாரம் டின்னில் அடைத்த ஹேஸி ஐ.பி.ஏ., அதாவது கலங்கலான இந்தியா பேல் ஏல். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ) தூக்கலான பீர் நாக்கில் நெடுநேரம் நிற்கும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்தேன். அதை முதலில் குடித்துவிட்டு அலகாஷுக்குப் போனால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

படி 2: தேதியைப் பார்த்து வாங்குங்கள்

இதை மட்டும் தவறவிடாதீர்கள். ஹாப்ஸ் வாசனை நாளாக ஆக மங்கிக்கொண்டே போகும். ஐ.பி.ஏ. என்றால் அடைத்த தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. டின்னின் அடியிலோ பாட்டிலின் கழுத்திலோ தேதி இருக்கும். ஒருமுறை ஒரு கடையில் தேதி பார்க்காமல் வாங்கி வந்த ஐ.பி.ஏ.வில் பழ வாசனை துளியும் இல்லை, நனைந்த அட்டைப் பெட்டி வாசம்தான் அடித்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை வைத்து அந்த ப்ரூவரியைக் குறை சொல்லி எழுதியிருந்தால் பெரிய அநியாயம். போர்ட்டர், ஸ்டவுட் போன்ற கறுப்பு பீர்கள் கொஞ்சம் தாங்கும்.

படி 3: கிளாஸும் குளிரும்

வாய் கொஞ்சம் குறுகலான கிளாஸ் நல்லது, வாசனை உள்ளேயே தங்கும். வைன் கிளாஸே போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பீர் ஊற்றியதும் கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம். வெர்மான்ட்டின் புகழ்பெற்ற ஹெடி டாப்பர் டின்னில் "டின்னிலிருந்தே குடியுங்கள்" என்று அச்சடித்திருப்பார்கள். ரசித்துக் குடிப்பதற்கு அது சரி, விமர்சனம் எழுத உட்கார்ந்தால் கிளாஸில் ஊற்றுங்கள்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடிக்காதீர்கள். கடும் குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசனையும் எழும்பாது. பேல் ஏலும் ஐ.பி.ஏ.வும் 7 முதல் 10 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கும். போர்ட்டருக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி கூடினாலும் சரி. வெளியே எடுத்து வைத்துக் கொஞ்ச நேரம் பொறுங்கள்.

படி 4: ஊற்றிப் பாருங்கள்

கிளாஸைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் அளவு நுரை வரட்டும். நிறம், தெளிவு, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹேஸி ஐ.பி.ஏ. கலங்கித்தான் இருக்க வேண்டும், அது குறையல்ல. சியரா நெவாடா பேல் ஏல் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் போட்டு முதிர வைப்பது, அடியில் லேசாக வண்டல் இருக்கலாம்.

படி 5: முகருங்கள்

பாதி விமர்சனம் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். கிளாஸை லேசாகச் சுழற்றி, குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை முகருங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும். ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டே இருந்தால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும்.

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மால்ட்டிலிருந்து என்ன வருகிறது? ஹாப்ஸிலிருந்து என்ன? ஈஸ்ட்டிலிருந்து என்ன?

மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. லேசாக வாட்டியிருந்தால் ரொட்டி, பிஸ்கட் வாசம் வரும். நன்றாக வறுத்திருந்தால் காப்பிக்கொட்டை, கருப்பட்டி. பிளாக் பியூட் போர்ட்டரை முகர்ந்தால் காலையில் ஃபில்டரில் இறங்கும் டிகாக்‌ஷன்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அமெரிக்க பீருக்குத் தனி முகம் கொடுத்தது ஹாப்ஸ். அங்கே விளைவதில் பெரும்பகுதி வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. கேஸ்கேட் என்ற ரகம் ஆரெகனில் அரசு வேளாண் ஆராய்ச்சியில் உருவாகி 1972-இல் வெளியானது. 1980-இல் சியரா நெவாடா தன் பேல் ஏலில் அதைத் தாராளமாகப் போட்டது. அதன் வாசனையை அமெரிக்கர்கள் கிரேப்ஃப்ரூட் என்பார்கள். எனக்கு அது பம்பளிமாஸ் தோலைக் கிள்ளும்போது கையில் தெறிக்கும் எண்ணெய். இரண்டும் தூரமில்லை, பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து வந்ததுதான் கிரேப்ஃப்ரூட். சிட்ரா, மொசைக் போன்ற புதிய ரகங்களில் மாம்பழம், கொய்யா, பாஷன் பழம் எல்லாம் வரும். இந்தப் பழங்களைத் தின்று வளர்ந்த மூக்கு நம்முடையது, "ட்ராபிகல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி ஏன் நிறுத்த வேண்டும்? பழுத்த கொய்யாவா, செங்காயா என்றுகூடச் சொல்லலாம்.

அலகாஷ் ஒயிட்டில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். மல்லியை வறுக்காமல் கையில் நசுக்கி முகர்ந்துவிட்டு கிளாஸை முகருங்கள், உடனே பிடிபடும். ஈஸ்ட்டிலிருந்து கிராம்பு வாசம் லேசாக வரலாம்.

படி 6: குடியுங்கள்

வாய் நிறைய ஒரு மடக்கு. நாக்கு முழுக்கப் படரவிட்டு விழுங்குங்கள். வைன் ருசிப்பவர்கள் போலத் துப்ப வேண்டாம், விழுங்கிய பிறகு நிற்கும் கசப்பையும் எடைபோட வேண்டும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். முகர்ந்தபோது தெரியாத சில வாசனைகள் அப்போது தெரியும்.

இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன, கசப்பு சட்டென்று போகிறதா, பாகற்காய் மாதிரி நிற்கிறதா, துவர்ப்பு உண்டா, கனமாக இருக்கிறதா, தண்ணீராக இருக்கிறதா? இவ்வளவு பார்த்தால் போதும். அடுத்த பீருக்குப் போகும் முன் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் ரொட்டியும். மிக்சர், சிப்ஸ் பக்கம் போகாதீர்கள்.

படி 7: கோளாறு தெரிந்தால்

வெண்ணெய் வாசம் டயசெட்டில் என்ற பொருளால் வருவது. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் பீர் சரியாக முதிரவில்லை. வேகவைத்த மக்காச்சோள வாசம் டி.எம்.எஸ். என்ற கந்தகச் சேர்மம். நனைந்த அட்டை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் அடித்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் சிதைவதால் வருவது அது. பழுப்பு பாட்டில் ஓரளவு காப்பாற்றும், பச்சையும் வெள்ளையும் காப்பாற்றாது. கடைசி இரண்டு கோளாறுக்கும் பெரும்பாலும் வைத்திருந்த விதம்தான் காரணம். அப்படி இருந்தால் மதிப்பெண் போடாமல், புதிதாக ஒன்று வாங்கிப் பாருங்கள்.

படி 8: எழுதுங்கள்

பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் பி.ஜே.சி.பி. அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு மூன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அந்த பீர் எந்த வகையோ அந்த வகைக்குள் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். உங்களுக்குக் காப்பி பிடிக்காது என்பதற்காக போர்ட்டருக்குக் குறைத்துப் போடக் கூடாது.

நான் எழுதிய ஒரு குறிப்பு:

"சியரா நெவாடா பேல் ஏல், 5.6 சதவீதம், பாட்டில், அடைத்து ஐந்து வாரம். செம்பு கலந்த பொன்னிறம், வெள்ளை நுரை கடைசி வரை நின்றது. பம்பளிமாஸ் தோல், பின்னால் கொஞ்சம் குங்கிலியம், அடியில் பிஸ்கட். முதல் மடக்கில் லேசான இனிப்பு, உடனே சுத்தமான கசப்பு எழும்பி நாக்கை உலர்த்திவிட்டுப் போகிறது. நடுத்தரக் கனம். வாசனை 10, தோற்றம் 3, சுவை 17, கனம் 4, ஒட்டுமொத்தம் 8. மொத்தம் 42."

குடிக்கும்போதே எழுதுங்கள், மறுநாள் நினைவிலிருந்து வேண்டாம். அடைத்த தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே பீரைப் புதிதாக வாங்கி, பழைய குறிப்பைத் திறக்காமல் இன்னொரு குறிப்பு எழுதுங்கள். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் வந்திருக்கும் சொற்களை மட்டும் வைத்து உங்கள் விமர்சனத்தை வெளியிடுங்கள்.