கஞ்சியும் சூப்பும் மட்டும் போதாது: சிகிச்சை நாள்களில் சாப்பாட்டில் நேரும் தவறுகள்

புற்றுநோய்க்குக் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சை தொடங்கிய வீட்டில் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். நீர்க்கக் காய்ச்சி, உப்புப் போட்டு, "இதையாவது குடிங்கப்பா" என்று நீட்டுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள். ஒரு கைப்பிடி அரிசி, சுமார் 40 கிராம், போட்டுக் காய்ச்சினால் பானை முழுவதையும் குடித்தாலும் கிடைப்பது 140 கலோரி, 3 கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ள புற்றுநோயாளிக்கு ஒரு நாளைக்கு 1,250 முதல் 1,500 கலோரியும் 50 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். வயிறு தண்ணீரால் நிறைந்துவிடுகிறது. உடம்பு தன் தசையையே எடுத்துச் செலவழிக்கிறது.

அதே பானையில் 20 கிராம் பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவையுங்கள். கொதிக்கும்போதே ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள். இறக்கியதும் இரண்டு தேக்கரண்டி நெய். இப்போது 370 கலோரி, 14 கிராம் புரதம். கிண்ணத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். முட்டை சாப்பிடாதவருக்கு மசித்த தோஃபு அல்லது பால் பவுடர் சேர்க்கலாம்.

அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு தேக்கா சந்தையில் விரால் மீன் வாங்கி சூப் வைப்பது இங்கே சிங்கப்பூரில் பலருக்கும் வழக்கம். சூப்பை வடித்துக் கொடுத்துவிட்டு மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். புரதம் பெரும்பாலும் சதையில்தான் இருக்கிறது. முள்ளை எடுத்து, சதையை மசித்து, சூப்போடு சேர்த்துக் கொடுங்கள். டின்னில் வரும் சத்துமாவுப் பாலிலும் இதே கதைதான். விலை அதிகம் என்று தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் சத்து பாதியாகும், குடிக்க வேண்டிய அளவு இரட்டிப்பாகும். டின்னில் போட்டிருக்கும் அளவுப்படியே கலக்கி, ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல், மணிக்கொரு தடவை கால் டம்ளராகக் கொடுங்கள். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

பத்தியம் என்ற பெயரில் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதும் தவறு. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சோறும்கூட உடம்புக்குள் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. குறைவது எடைதான். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு மட்டும் கணக்கு வேறு. பழைய கட்டுப்பாட்டை எவ்வளவு தளர்த்தலாம் என்று மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எல்லாவற்றையும் தண்ணீராக்கிக் கொடுப்பது. பக்கவாதம் வந்தவருக்கும் தொண்டையில் கதிர்வீச்சு பெற்றவருக்கும் பல சமயம் தண்ணீர்தான் ஆபத்து. தொண்டை மூச்சுக்குழாயை மூடுவதற்குள் அது வேகமாக ஓடி நுரையீரலுக்குள் போய்விடுகிறது. கஞ்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சற்று நேரம் வைத்தால் நீர் மேலே தெளியும், பருக்கை அடியில் தங்கும். ஒரே வாயில் இரண்டும் போகும்போது நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். எச்சில் பட்ட கரண்டியை மறுபடி மறுபடி கிண்ணத்தில் விட்டால், எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துக் கஞ்சியை இளக்கியும் விடும். ஆகவே மிக்சியில் மழமழவென்று அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

இங்குள்ள மருத்துவமனைகளில் உணவின் பதத்தை 0 முதல் 7 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் எந்த எண்ணைச் சொன்னாரோ அதை எழுதி, பணிப்பெண் கண்ணிலும் படும்படி ஒட்டிவையுங்கள். 4 என்றால், கரண்டியைச் சாய்த்ததும் உணவு ஒரே கட்டியாக நழுவி விழ வேண்டும். கரண்டியில் ஒட்டக்கூடாது, ஓரத்தில் நீர் பிரியக்கூடாது. படுத்தபடி ஊட்டவே வேண்டாம். நேராக உட்கார வைத்து ஊட்டி, பிறகு அரை மணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள். இருமல், சாப்பிட்டபின் ஈரமாகக் கரகரக்கும் குரல், அடிக்கடி காய்ச்சல் இவையெல்லாம் எச்சரிக்கை. இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குப் போகலாம். மூக்கு வழிக் குழாய் போட்டவருக்கு வீட்டுக் கஞ்சியை அதில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

குமட்டும் வேளையில் அவருக்கு மிகப் பிடித்த மீன் குழம்பைக் கொடுக்காதீர்கள். அந்த வாடையும் வாந்தியும் மனத்தில் ஒன்றாகப் பதிந்து, தேறிய பிறகும் அதைத் தொடமாட்டார். தாளிப்பு வாசனை எட்டாத அறையில், ஆறிய உணவாகக் கொடுங்கள். மருத்துவர் எழுதித்தந்த குமட்டல் மாத்திரையை வாந்தி வந்தபின் தேடாமல், அவர் சொன்ன நேரத்தில் முன்கூட்டியே கொடுங்கள். வாயில் இரும்பு ருசி தட்டினால் பிளாஸ்டிக் கரண்டி உதவும். வாய்ப்புண்ணுக்கு, ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அரைக்கால் தேக்கரண்டி உப்பும் கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கலாம். ரசமும் புளியும் சில நாள் காத்திருக்கட்டும்.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் காப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, பச்சை மீன், வெட்டி வைத்த பழம் மூன்றும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை சாம்பார் மேசையிலேயே மாலை வரை இருப்பதும் ஆகாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு ஆவி பறக்கச் சுடவைத்துப் பரிமாறுங்கள். உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நோய் முற்றி, கடைசி நாள்கள் நெருங்கியபின் மேலே சொன்ன கலோரிக் கணக்கு எதுவும் பொருந்தாது. பசி அடங்கிவிடுவது அந்தக் கட்டத்தில் இயல்பு. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், வயிறு உப்பும், அவர் துன்பப்படுவார். "பட்டினி போட்டுவிட்டோமே" என்று பிள்ளைகள் மனம் உடைய வேண்டியதில்லை. உதட்டில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பிப் பிரியராக இருந்தவர் என்றால், தாதியிடம் கேட்டுக்கொண்டு, பஞ்சுக்குச்சியை அந்தக் காப்பியில் நனைத்துப் பிழிந்து நாக்கில் மெதுவாகத் தடவலாம்.