சீனி வருத்தத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

லண்டனிலும் ரொறன்ரோவிலும் நமக்கு நாள் ஒரே மாதிரித்தான் போகும். அதே நேரத்துக்குச் சாப்பாடு, அதே நேரத்துக்குக் குளிசை. சீனி கட்டுக்குள் நிற்பதற்கு அந்த ஒழுங்கு பெரிய காரணம். யாழ்ப்பாணத்தில் இறங்கிய முதல் நாளே அது குலைந்துவிடும். பதினொரு மணிக்குச் சித்தி வீட்டில் தேத்தண்ணியும் பலகாரமும், மத்தியானச் சாப்பாடு இன்னொரு வீட்டில் மூன்று மணிக்கு, இரவு பத்து மணிக்கு யாரோ ஒருவர் புட்டு அவித்து வைத்துக் காத்திருப்பார். இனிப்பைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். நேரத்தைப் பற்றித்தான் ஒருவரும் சொல்வதில்லை.

கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்களும் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். “இந்தா, சாப்பாடு ஆகுது” என்ற சொல்லை நம்பி ஊசி போடக்கூடாது. கறி அடுப்பில் இருக்கும்போது போட்டால், அது இறங்கிக் கோப்பைக்கு வருவதற்குள் சீனி குறைந்து உங்களுக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கிவிடும். சோறு கண்முன்னால் வந்தபிறகு ஊசியை எடுங்கள். விருந்துக்கு அழைப்பவரிடம் முதல் நாளே, “மாமி, எனக்குச் சீனி வருத்தம், ஒரு மணிக்கே சாப்பாடு தந்தால் நல்லம்” என்று சொல்லிவிடுங்கள். ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

சீனி 70க்குக் கீழே போனால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, குளுக்கோஸ் மாவாகவோ, இனிப்புச் சோடாவாகவோ எடுத்துவிட்டு 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். சொக்லேட் அந்த நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

70 என்றதும் சிலர் குழம்பக்கூடும். இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியாவிலிருந்து போகிறவர்களின் மீட்டர் 4, 7, 10 என்று மில்லிமோலில் காட்டும். ஊர் லாப்பில் மில்லிகிராமில் எழுதித் தருவார்கள். உங்கள் எண்ணை 18ஆல் பெருக்கினால் சரி: 4 என்பது 72, 7 என்பது 126, 10 என்பது 180. மூன்று மாதச் சராசரியையும் (HbA1c) இரண்டு விதமாக எழுதுவார்கள், ஆனால் அதை 18ஆல் பெருக்கக்கூடாது. இங்கிலாந்தில் 53 என்று சொல்வது ஊரில் 7 வீதம். இந்த எண்களை ஒரு துண்டில் எழுதி மீட்டர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைப் பற்றி இன்னொன்று. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டிச் சாப்பிட்டுவிட்டு அதே விரலில் குத்திப் பார்த்தால் எண் எங்கேயோ நிற்கும். தோலில் ஒட்டியிருக்கும் பழச்சாறும் இரத்தத்தோடு சேர்ந்து அளக்கப்படுவதுதான் காரணம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கூடின எண்ணை நம்பி மேலதிகமாக இன்சுலின் போட்டால் அது ஆபத்து.

சாப்பாட்டில் நான் தடுக்கச் சொல்வது கொஞ்சம்தான். பிளேன்ரீயைச் சீனி இல்லாமல் கேளுங்கள். “பனங்கட்டிதானே, ஒண்டும் செய்யாது” என்று சொல்வார்கள். செய்யும், பனங்கட்டியும் சீனியை ஏற்றும். ஒடியல் கூழ் குடிக்கும் நாளில் சோற்றை விடுங்கள். ஒடியல் மா, மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாமே மாச்சத்துத்தான். புட்டென்றால் குரக்கன் புட்டோ சிவப்பரிசிமாப் புட்டோ கேட்கலாம், ஆனாலும் அளவு முக்கியம். அரை நீத்துப்பெட்டி புட்டோடு மீனும் கீரையும் கூட வைத்துச் சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து ஒருதரம் பாருங்கள். எந்தச் சாப்பாடு உங்களுக்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை முதல் சில நாளிலேயே பிடித்துவிடலாம்.

பயணத்துக்கு முன் மருத்துவரிடம் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, மருந்துகளின் பொதுப்பெயர் எழுதிய கடிதம். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மற்றது, நேர மாற்றத்துக்கான அட்டவணை. கிழக்கே போகும்போது நாள் சுருங்கும். நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினை வழக்கமான மணிக்கே போட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழலாம். இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டுபோங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அது உறைந்து கெட்டுப்போகலாம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டி ஓட்டம் நீளமானது. சாப்பிட இறங்கும்போது அந்தப் பையை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வீட்டில், திறக்காத இன்சுலினைக் குளிர்ப்பெட்டிக் கதவுத் தட்டில் வையுங்கள், ஐஸ் அறைப் பக்கம் போகவே கூடாது. பாவனையில் இருப்பது பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். கோடையில் யாழ்ப்பாணம் அதைத் தாண்டும். மின்சாரம் போனாலும் மண்பானை கைகொடுக்கும்: பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத் துணி, இன்சுலின் உள்ளே ஒரு சின்ன மூடிப் பெட்டியில். காற்றோட்டமான நிழலில் வைத்தால் வெளியைவிடக் குளிராக இருக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது கால்களைப் பற்றி. நீண்ட நாள் சீனி வருத்தத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மத்தியான வெயிலில் வீதி மணல் சுடுவது மற்றவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். அதிகாலைப் பூசைக்குப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கைத்தொலைபேசியில் உள்ளங்காலைப் படமெடுத்துப் பார்க்கலாம். சின்னக் காயம் என்றாலும் அன்றே காட்டுங்கள். மேற்சட்டையோடு ஆண்கள் கோயிலுக்குள்ளே போக முடியாது. கையில் சீனி அளக்கும் சென்சர் ஒட்டியிருந்தால் மேலே இன்னொரு பட்டி ஒட்டுங்கள், வியர்வையிலும் சனநெரிசலிலும் கழன்றுவிடும்.

விரதம் பிடிப்பவர்களும் வயிற்றோட்டம், வாந்தி வந்தவர்களும் டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசையை அந்த நாட்களில் நிறுத்தவேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சீனி எண் பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகலாம். மெட்ஃபோர்மினைப் பற்றியும் சேர்த்துக் கேட்டு, எதை எப்போது நிறுத்துவது என்று புறப்பட முன்பே எழுதி வாங்குங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி நிற்காவிட்டாலோ மயக்கம் வந்தாலோ 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அப்புறம், திரும்பும் வழியில் சென்னைக்குப் போகிறவர்களுக்கு. இந்தியாவில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு உள்ள இன்சுலின் புட்டிகள் இன்னும் பாவனையில் உண்டு. நாம் வெளிநாட்டில் பாவிப்பது 100. அந்தப் புட்டிக்குச் சிவப்பு மூடியுள்ள 40 அலகு ஊசிதான் வேண்டும். நம் 100 ஊசியால் எடுத்தால் தேவையானதில் பாதிகூட உடம்புக்குப் போகாது. 100 இன்சுலினை 40 ஊசியால் எடுத்தால் இரண்டரை மடங்கு போகும். வாங்கும்போது புட்டியையும் ஊசியையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.