ஐரோப்பாவில் ஒரு அமெச்சூர் கோல்ஃப் சீசன்: எங்கெல்லாம் சறுக்குகிறது?

பிப்ரவரி, மார்ச்சில் போர்ச்சுகலும் ஸ்பெயினும். மே மாதம் இங்கிலாந்தின் ராயல் லிதம் மைதானத்தில் லிதம் டிராஃபி. ஜூனில் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப். ஜூலையில் நாடுகள் மோதும் ஐரோப்பிய அணிப் போட்டி. நன்றாக ஆடும் ஒரு பையனோ பெண்ணோ இந்த அட்டவணையைப் பார்த்ததும், "எல்லாத்துக்கும் பேர் கொடுத்துடலாம்" என்றுதான் தோன்றும். கூடவே போகிற அப்பாவுக்கும் அதேதான் தோன்றும்.

இது ஒரே சீசன் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது மூன்று வேறு ஆட்டங்கள்: மொத்த ஸ்ட்ரோக்கை, அதாவது அடிகளை, எண்ணும் ஸ்ட்ரோக் பிளே, ஹோல் ஹோலாக (குழி குழியாக) மோதி ஒருவரை ஒருவர் வீழ்த்தும் மேட்ச் பிளே, அப்புறம் அணி ஆட்டம். மூன்றுக்கும் விதிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறும், ஆடும் மனநிலை ரொம்பவே மாறும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதலில் அட்டவணை. பெயர் கொடுத்தாலே இடம் கிடைத்துவிடாது. ஐரோப்பிய அமெச்சூர் சாம்பியன்ஷிப்பில் 144 பேருக்குத்தான் இடம். உலக அமெச்சூர் தரவரிசையில் மேலே இருப்பவர்களும் ஹேண்டிகேப் (திறனுக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) குறைந்தவர்களும் போக மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. உறுதிக் கடிதம் வருமுன் திருப்பித் தராத விமான டிக்கெட்டை வாங்குவது வேண்டாத வேலை.

தரவரிசை பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு: நிறைய ஆடினால் நிறைய புள்ளி என்பது. கணக்கு அப்படி இல்லை. கடந்த 104 வாரங்களின் ஆட்டங்களை எடுத்து சராசரி பார்க்கிறார்கள். எதிரே ஆடியவர்களின் பலத்தைப் பொறுத்துப் புள்ளி ஏறும், இறங்கும். களைத்துப்போய் ஆடும் ஒரு மோசமான வாரமும் அந்தச் சராசரியில் உட்கார்ந்துகொள்ளும். ஐந்து வாரம் தொடர்ந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, மூன்று நல்ல போட்டிகளைத் தேர்ந்து, இடையில் ஒரு வாரம் சும்மா இருப்பது லாபம் என்பது என் கருத்து.

பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 288 பேர் தொடங்குவார்கள். இரண்டு மைதானங்களில் மொத்தம் 36 ஹோல் ஸ்ட்ரோக் பிளே. முதல் 64 இடங்களுக்குள் வந்தவர்கள் மேட்ச் பிளேக்குப் போவார்கள். கோப்பைக்கு ஆறு மேட்ச் ஜெயிக்க வேண்டும், இறுதிப் போட்டி மட்டும் 36 ஹோல். ஒவ்வொரு மேட்சும் கடைசி ஹோல் வரை போனால் ஒரே வாரத்தில் 162 ஹோல். முந்தைய வாரங்களில் ஓயாமல் ஆடிவிட்டு வந்தவருக்கு வியாழன், வெள்ளியில் கால் ஒத்துழைக்காது.

விசா பற்றி ஒரு வார்த்தை. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசா இருந்தால் ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அது செல்லாது. அமெச்சூர் சாம்பியன்ஷிப் 2014-இல் ராயல் போர்ட்ரஷில் நடந்தது, அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். 2019-இல் டப்ளினை ஒட்டிய போர்ட்மார்னாக்கில் நடந்தது, அது அயர்லாந்து குடியரசு. ஒரே தீவு, ஒரே போட்டி, நாடு மட்டும் வேறு.

சரி, களத்துக்கு வருவோம். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஸ்ட்ரோக் பிளேயிலிருந்து மேட்ச் பிளேக்கு மாறும் இடத்தில்.

மேட்ச் நடக்கும் நாளில், தொடங்குமுன் மைதானத்தின் கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) ஏறி நாலு பட் போட்டுப் பார்க்கலாம், அதாவது பந்தைக் குழியை நோக்கி உருட்டிப் பார்க்கலாம், அனுமதி உண்டு. ஸ்ட்ரோக் பிளே நாளில் அதையே செய்தால் முதல் ஹோலிலேயே இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. இரண்டாம் தடவையும் செய்தால் போட்டியிலிருந்தே வெளியே. முதல் டீக்கு (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) பக்கத்திலும், பயிற்சிக்கென்று ஒதுக்கிய கிரீனிலும் மட்டும் பட்டிங், சிப்பிங் (சின்னதாகத் தூக்கி அடிப்பது) பார்க்கலாம்.

அடுத்தது கையில் ஒட்டிக்கொள்ளும் பழக்கம். மேட்ச் பிளேயில் ஓர் அடி தூரத்தில் நிற்கும் பந்தை எதிராளி "எடுத்துக்கோங்க" என்று விட்டுக்கொடுப்பார். ஒரு முறை சொல்லிவிட்டால் அவர் திரும்பப் பெற முடியாது. நான்கு நாள் இப்படியே ஆடிவிட்டு அடுத்த வாரம் ஸ்ட்ரோக் போட்டிக்குப் போகிறவர், அதே ஓர் அடி தூரத்துப் பந்தை அலட்சியமாகக் கையில் எடுத்துவிடுவார். உடனே உறைத்தால் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கோடு பந்தைப் பழைய இடத்தில் வைத்துக் குழிக்குள் தள்ளிவிடலாம். உறைக்காமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதி நீக்கம்தான்.

விதியில் சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதும் மாறும். ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பந்து ஆடி, எது செல்லும் என்று ஸ்கோர் கார்டு கொடுக்கும் முன் போட்டிக் கமிட்டியிடம் கேட்கலாம். மேட்ச் பிளேயில் இரண்டு பந்து என்ற பேச்சே கிடையாது. அங்கே எதிராளியும் நீங்களும் ஒத்துப்போகலாம். இல்லையென்றால், "இதற்குத் தீர்ப்பு கேட்கப் போகிறேன்" என்று அடுத்த ஹோல் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். விவரம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அடுத்த டீயில் அடித்துவிட்டு, மாலையில் கிளப்ஹவுஸில் புகார் சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று, எண்ணிக்கை. எதிராளி "எத்தனை அடிச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். நீங்கள் ஐந்து அடித்திருக்கிறீர்கள், புதரில் வாங்கிய பெனால்டியை மறந்து "நாலு" என்கிறீர்கள். அவர் அதை நம்பி, தன் அடுத்த அடியை ஜாக்கிரதையாக ஆடிவிடுகிறார். அதற்குள் நீங்கள் திருத்திச் சொல்லவில்லை என்றால் அந்த ஹோல் உங்களுக்குப் போச்சு. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

நேரத்துக்கு வருவது எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு ஸ்ட்ரோக், மேட்ச் பிளேயில் முதல் ஹோல். ஐந்து நிமிடம் தாண்டினால் வெளியே. பலருக்குத் தெரியாதது, குறித்த நேரத்துக்கு முன்பே அடித்துவிட்டாலும் அதே பெனால்டி உண்டு என்பது. தூரம் அளக்கும் கருவியில் சாய்வைக் கணக்கிடும் வசதியை அணைத்து வையுங்கள், தூரம் பார்க்கலாம், ஏற்ற இறக்கம் பார்க்கக் கூடாது. பெற்றோர் வெளியே நின்று "ஏழாம் நம்பர் மட்டையை எடு" என்று சைகை காட்டுவதும் வேண்டாம். பிள்ளை அதைத் தடுக்காமல் தொடர்ந்து வாங்கிக்கொண்டால் தண்டனை பிள்ளைக்குத்தான்.

கடலோர லிங்க்ஸ் மைதானங்கள் தனிக் கதை. ஸ்பெயினில் மென்மையான கிரீனில் உயரத் தூக்கி இறக்கிய பந்து, லிதமில் இறுகிய தரையில் பட்டுத் துள்ளி, கிரீனைத் தாண்டிப் பின்னால் ஓடிவிடும். லிதமின் முதல் ஹோலே பார்-3, மூன்று அடியில் முடிக்க வேண்டிய குட்டை ஹோல். நீண்ட தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையைச் சுழற்றி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வழியில்லை, எடுத்ததும் துல்லியம் வேண்டும். லிதம் டிராஃபி 72 ஹோலும் மூன்றே நாளில் முடியும், ஒரு நாள் 36 ஆடியாக வேண்டும். இங்கே பந்தைத் தாழ்வாக ஓடவிடவும், கிரீனுக்கு வெளியே இருபது கெஜத்திலிருந்தே பட் அடிக்கும் மட்டையான பட்டரை எடுக்கவும் கூச்சப்படக் கூடாது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் பதினான்காவது ஹோலில் 'ஹெல்' (நரகம்) என்றே பெயர் வைத்த பங்கர் (மணல் குழி) இருக்கிறது. அதில் விழுந்தால் கொடியைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் வெளியே வாருங்கள். அங்கே வீரம் காட்டினால் ஒன்று நான்காகும்.

ஐரோப்பிய அணிப் போட்டியில் ஆறு பேர். முதலில் இரண்டு சுற்று ஸ்ட்ரோக் பிளே, சுற்றுக்கு ஐந்து நல்ல ஸ்கோர் கணக்கில் சேரும். முதல் எட்டு அணிகள்தான் கோப்பைக்கு மோதும். பிறகு காலையில் இரண்டு ஃபோர்சம்ஸ், மதியம் ஐந்து தனி ஆட்டம். ஃபோர்சம்ஸில் இருவர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிப்பார்கள். வரிசை தப்பி அடித்தால் ஹோல் போய்விடும். பந்து தண்ணீரில் விழுந்து பெனால்டி வாங்கினாலும் வரிசை மாறாது, அடுத்து அடிக்க வேண்டியது கூட்டாளிதான். பதற்றத்தில் இதை மறக்கிறவர்கள் உண்டு. கூட்டாளி பயன்படுத்தும் பந்தில் முன்கூட்டியே பழகாமல் போவதும் அசட்டுத்தனம். கிரீனருகே ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு விதமாக நிற்கும்.

பணம் பற்றிப் பழைய பயங்கள் இன்னும் சுற்றுகின்றன. 2022-இல் அமெச்சூர் தகுதி விதிகள் மாறின. ஸ்பான்சர் எடுப்பதும், தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுப்பதும் இப்போது தடை இல்லை. வரம்பு பரிசுக்குத்தான்: 700 பவுண்டு வரை. ஹேண்டிகேப் இல்லாமல் ஆடும் போட்டியில் அது ரொக்கமாகவும் இருக்கலாம், ஹேண்டிகேப் போட்டியில் ரொக்கம் கூடாது. ஆட்டத்தின்போது விழும் ஹோல்-இன்-ஒன்னுக்கான பரிசுக்கு இந்த வரம்பு இல்லை.

கடைசியாக, அவசரப்பட்டு புரொஃபஷனல் ஆவது. பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியனுக்கு, புரொஃபஷனல்கள் ஆடும் பெரிய போட்டிகளான பிரிட்டனின் ஓபனிலும் அமெரிக்காவின் மாஸ்டர்ஸிலும் இடம் உண்டு. ஆனால் மாஸ்டர்ஸ் அழைப்பு அமெச்சூராகவே இருந்தால்தான். செர்ஜியோ கார்சியா 1998-இல் மியூர்ஃபீல்டில் அந்தப் பட்டத்தை ஜெயித்துவிட்டு, 1999 மாஸ்டர்ஸில் அமெச்சூராகவே ஆடி முடித்த பிறகுதான் மாறினார். ரோரி மெக்கில்ராய் 2006-இல் இத்தாலியின் பியெல்லாவில் ஐரோப்பிய அமெச்சூர் பட்டம் வாங்கி, அதன் வழியாக 2007 கார்னூஸ்டி ஓபனில் ஆடினார். சிறந்த அமெச்சூருக்கான வெள்ளிப் பதக்கம் வாங்கிய பிறகும் அவசரப்படவில்லை. செப்டம்பரில் அமெரிக்க அமெச்சூர்களோடு பிரிட்டன்-அயர்லாந்து அணி மோதும் வாக்கர் கப் முடியட்டும் என்று இருந்தார், அந்த மாதமே புரொஃபஷனல் ஆனார்.