விமானத்தின் தலைமுறையைக் கண்டுபிடிப்பது எப்படி? கேஎல்ஐஏ கண்ணாடிச் சுவரோரம் ஒரு பாடம்

விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தால் எல்லோரும் போனை எடுப்பார்கள். நான் கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றுவிடுவேன். கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் தாத்தா காலத்து வடிவமைப்பும் பேரன் காலத்து வடிவமைப்பும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பிரித்தறிய பைனாகுலர் எல்லாம் வேண்டாம்.

படி 1: வாலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலேசியா ஏர்லைன்ஸின் சின்னமான வாவ் காற்றாடி பழைய போயிங் 737-லும் இருக்கும், புதியதிலும் இருக்கும். அது கம்பெனியைத்தான் சொல்லும்.

படி 2: இறக்கை நுனி. 737-இன் புதிய தலைமுறையான மேக்ஸில் நுனி மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். அதற்கு முந்தைய 737-800-இல் பெரும்பாலும் மேல்நோக்கி ஒன்றுதான். ஆனால் சில 737-800-களுக்கும் பிற்பாடு இரட்டை நுனி பொருத்தினார்கள். அதனால் இதோடு நிறுத்திவிடாதீர்கள்.

படி 3: இன்ஜின். இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1967-இல் முதன்முதலாகப் பறந்த 737-க்கு சுருட்டு மாதிரி ஒல்லி இன்ஜின். பெட்டிகளை ஏற்றி இறக்க வசதியாக உடம்பைத் தரைக்கு அருகே வைத்தார்கள். அப்புறம் வந்தது வினை. எரிபொருள் மிச்சமாக வேண்டுமென்றால் முன்விசிறி பெரிதாக வேண்டும். பெரிதானால் தரையில் இடிக்கும். 737-800-ஐ நேர் எதிரே நின்று பாருங்கள்: இன்ஜின் வாயின் அடிப்பக்கம் தட்டில் வைத்த கொழுக்கட்டை போலச் சப்பையாக இருக்கும். அதன் விசிறி 155 செ.மீ. மேக்ஸுக்கு 175 செ.மீ. இன்ஜினை முன்னால் தள்ளி, மேலே தூக்கி, மூக்குச் சக்கரக் காலையும் 20 செ.மீ. நீட்டி ஒருவழியாகச் சமாளித்தார்கள். மேக்ஸ் இன்ஜினின் பின்விளிம்பில் ரம்பப் பல் இருக்கும். பல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று: மேக்ஸ் உலகிலேயே முதன்முறையாகப் பயணிகளோடு பறந்தது நம் ஊரிலிருந்துதான். 2017 மே 22, மாலிண்டோ ஏர், கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு.

படி 4: பெரிய விமானங்கள். பின்பக்கக் கால் ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரம் எண்ணினால், இரண்டே இன்ஜின் என்றால், பெரும்பாலும் 777. இன்ஜினில் ரம்பப் பல்லும், விமானியின் முன் நான்கே நான்கு கண்ணாடியும் என்றால் 787. விமானியின் ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு, அதாவது கறுப்புக் கண்ணாடி மாட்டிய முகம் என்றால் ஏர்பஸ் ஏ350. இப்படித்தான் ஒருமுறை ஒரு முகத்தைப் பார்த்து ஏ350 என்று அக்கா மகனிடம் அடித்துச் சொன்னேன்.

"மாமா, மூக்கு கீழே சாஞ்சு நிக்குது பாருங்க" என்றான்.

அது ஏ330 நியோ. அதுவும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்கும். ஆனால் ஏ330 குடும்பம் முழுக்கத் தரையில் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தே நிற்கும். அதற்குப் பிறகு நான் முகத்தை மட்டும் பார்த்து வாய் திறப்பதில்லை.

படி 5: சரிபார்ப்பது. ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கைப் பையில் உள்ள பாதுகாப்பு அட்டையைப் பாருங்கள், மாடல் பெயர் அதில் இருக்கும். பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு வழி: விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் பக்கம் தலைக்கு மேல் ஏறும் விமானத்தின் வயிற்றில் இரண்டு கறுப்பு வட்டம் தெரிகிறதா? 737. சக்கரத்தை முழுதாக மூடும் கதவு அதற்கு 1967-லும் இல்லை, மேக்ஸிலும் இல்லை.